ஹோர்ட்டன் சமவெளி முகாம்: புவிச்சரிதவியல் மாணவர்களுக்கு இரண்டு இரவு மேலே, ஓர் இரவு கீழே

புவிச்சரிதவியல் மாணவர்களைக் கூடாரத்தோடு கூட்டிச் செல்ல மலையகத்தில் ஓர் இடம் கேட்டால், தயங்காமல் ஹோர்ட்டன் சமவெளியைச் சொல்லலாம். ஆனால் மூன்று இரவையும் அங்கேயே கழிக்கத் திட்டமிடும் ஆசிரியர்கள் திட்டத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். இரண்டு இரவு மேலே தங்குங்கள், மூன்றாவது இரவை மலையடிவாரத்தில் உள்ள பெலிஹுல்ஓயாவில் வையுங்கள். மேலே கிடைப்பது கண்ணால் படிக்கும் பாடம். பாறையை உடைத்து, புதிய முகத்தை லென்ஸில் பார்த்து, துண்டைப் பையில் போட்டுக் கொண்டுவரும் பாடத்துக்குத் தேசிய பூங்காவான இந்தச் சமவெளியில் இடமில்லை. இதைத் தெரியாமல் சுத்தியல்களோடு நுழைவாயிலில் போய் நிற்கும் குழுவுக்கு முதல் நாளே வீணாகிவிடும்.

முகாம் என்றதும் மாணவர்கள் மனதில் எழும் படம் பெரும்பாலும் எரிமலைதான். பாடப்புத்தகங்களில் வரும் ஹவாய், 1914இல் வெடிக்கத் தொடங்கிய கலிபோர்னியாவின் லாசன் சிகரம் போன்ற எரிமலைப் பூங்காக்கள் அந்த எதிர்பார்ப்பை வளர்க்கின்றன. இலங்கை புவித்தட்டின் உட்பகுதியில், எல்லைகளிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. இங்கே உயிருள்ள எரிமலை இல்லை. திருகோணமலையில் உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகூட எரிமலையால் சூடானதல்ல. ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்குள்ள வெப்பத்தில் சூடேறி, வெடிப்புகள் வழியே மேலே வருகிறது. ஆனால் எரிமலைப் பூங்காவில் காணவே முடியாத ஒன்று ஹோர்ட்டன் சமவெளியில் காலடியில் கிடக்கிறது: புவியோட்டின் ஆழமான பகுதி. இன்று நாம் மிதித்து நடக்கும் பாறைகள் ஒரு காலத்தில் 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில், 800 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் உருமாறியவை. ஹவாயில் வெளியே வந்து உறைந்ததைப் பார்க்கலாம். பாறை ஆழத்தில் உருகத் தொடங்கும்போது எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முகாம் செலவுக்குத் தகும்.

புறப்படும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. பாதம் தேய்க்க விற்கும் இயற்கை நுரைக்கல் ஒன்றை வாங்கி வாருங்கள். தண்ணீரில் போட்டால் மிதக்கும், உள்ளே வாயுக்குமிழ் ஓட்டைகள் தெரியும். அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு பாறைமுகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழ் ஓட்டை இல்லை, கண்ணாடித் தன்மை இல்லை, பருமனான கனியப் பரல்கள் பட்டை பட்டையாக ஒழுங்குபட்டிருக்கின்றன. எரிமலைப் பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் உள்ள வேறுபாடு கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொல்வதைவிட இதில் நன்றாகப் பதியும்.

இனி பாறைகள். இந்தப் பகுதி இலங்கையின் உயர்நிலத் தொகுதி எனப்படும் பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. மாணவர்கள் இங்கே அடையாளம் காணவேண்டியவை முக்கியமாக மூன்று. முதலாவது சாணோக்கைட். புதிய முகம் எண்ணெய் தடவியது போல மினுங்கும் பச்சை கலந்த பழுப்பு. மேலே வெளுத்த தோல். கருமையாக இருப்பதால் எரிமலைப் பாறையான பசால்ட் என்று எழுதிவிடுவார்கள், இது வழக்கமான தவறு. அந்த இருண்ட நிறத்துக்குக் கரும் கனியங்கள் மட்டும் காரணமல்ல, பெல்ட்ஸ்பாரே பச்சை கலந்து இருண்டிருக்கிறது. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜோப் சாணொக்கின் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து 1893இல் புவிச்சரிதவியலாளர் தோமஸ் ஹொலண்ட் வைத்த பெயர் இது. அந்தக் கல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து போனது. பழங்காலப் பெருங்கண்டமான கொண்டுவானாவில் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் இலங்கையும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன என்று சொல்லும்போது பரங்கிமலைக் கல்லை எடுத்துக்காட்டினால் மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கொண்டலைட். காணெற், சிலிமனைட், கிரபைட் என்ற மூன்று கனியங்களும் சேர்ந்த பாறை. துருநிறமாக உதிரும், அதனாலேயே தூரத்திலிருந்து தெரிந்துவிடும். கிரபைட் செதிலை விரலால் தேய்த்தால் பென்சில் கரி ஒட்டும். களிமண் சேர்ந்த பழைய அடையல்தான் ஆழத்தில் இப்படி மாறியது. மூன்றாவது, வெளிர்நிறக் குவார்ட்ஸ்-பெல்ட்ஸ்பார் நைஸ், அதாவது பட்டை பட்டையான உருமாறிய பாறை. இதிலும் இளஞ்சிவப்புக் காணெற் பரல்கள் கிடைக்கும். இவற்றின் ஊடே வளைந்து நெளிந்து ஓடும் வெள்ளை நரம்புகளை விட்டுவிடாதீர்கள். பாறையின் ஒரு பகுதி உருகிப் பிரிந்து மறுபடி உறைந்த சுவடுகள் அவை. மேலே ஏறி வெளிவந்தால் எரிமலைக்குழம்பாகியிருக்கக்கூடிய பொருள், ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டது. மாணவர்கள் தேடிவந்த எரிமலையின் தொடக்கம் இதுதான் என்று அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். உருமாற்றத்தின் காலம் ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்.

சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். சுற்றுலாப் பயணி மூன்று நான்கு மணியில் முடிப்பதை புவிச்சரிதவியல் குழு ஆறு ஏழு மணிக்குக் குறையாமல் எடுக்கும். பூங்கா திறந்ததும் நடக்கத் தொடங்கி முதலில் உலக முடிவு எனப்படும் செங்குத்து விளிம்புக்குப் போங்கள், பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் மூடுபனி. பள்ளத்தாக்கின் வெப்பக்காற்று காலை ஏறஏற, விளிம்பில் ஏறிக் குளிர்ந்து மேகமாகும். ஒன்பது பத்து மணிக்குப் பிறகு போகும் குழு பெரும்பாலும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும். முகாமிட்டுத் தங்குவதில் உள்ள பெரிய லாபமே இங்கேதான். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர் வான் வண்டியில் வரும் குழு நுழைவாயில் வரிசையில் நிற்கும் நேரத்தில் நீங்கள் புல்வெளியில் நடந்துகொண்டிருப்பீர்கள்.

உலக முடிவில் செங்குத்தான சரிவு ஏறத்தாழ 870 மீற்றர். ஆழத்தைப் பார்த்து வியப்பதோடு விட்டுவிடாமல், பாறையில் உள்ள மூட்டுகளின், அதாவது இயற்கை வெடிப்புகளின், திசையையும் விளிம்பின் திசையையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். தெளிவான காலையில் படிப்படியாக இறங்கும் நிலமட்டங்கள் தெரியும். இலங்கையின் நிலவமைப்பை மூன்று அரிப்பு மேடைகளாக 1929இல் விளக்கியவர் புவிச்சரிதவியலாளர் அடம்ஸ். இல்லை, நிலத்துண்டுகள் பிளவுகள் வழியே உயர்த்தப்பட்டவை என்று பின்னால் வாதிட்டவர் இன்னொரு புவிச்சரிதவியலாளரான வாடியா. மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, அங்கே தெரிவதை மட்டும் சான்றாக வைத்து வாதாட விடுங்கள். இந்த முகாமில் கிடைக்கும் மிகச் சிறந்த அரைமணி நேரம் இதுவாக இருக்கும். ஆனால் வாதம் நடப்பது விளிம்பிலிருந்து குறைந்தது 3 மீற்றர் உள்ளே. பாசி படர்ந்த பாறை ஈரத்தில் வழுக்கும். திசைகாட்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி பின்னால் அடி வைப்பது மாணவர்களின் இயல்பு, அதை முதலிலேயே தடைசெய்யுங்கள். அளப்பவர் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும்.

பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 20 மீற்றர். தண்ணீர் எந்தப் படியில் உடைகிறது, அந்தப் படி பட்டையமைவோடு (கனியப் பட்டைகள் ஓடும் போக்கோடு) போகிறதா மூட்டோடு போகிறதா என்று வரையச் சொன்னால் போதும். இறங்கும் பாதை எப்போதும் ஈரம். இருபது பேரை ஒரே நேரத்தில் இறக்காதீர்கள்.

பலர் கவனிக்காமல் கடக்கும் ஒன்று மண். புல்வெளி ஓடைக்கரை தானாக அரிந்திருக்கும் இடத்தில் நின்றால், மேலே தடித்த கறுப்புச் சேதன அடுக்கு, கீழே மஞ்சள்-சிவப்பு மண், அதற்கும் கீழே உக்கிய பாறை என்று வெட்டுமுகம் தயாராக இருக்கிறது. தோண்டத் தேவையில்லை, தோண்டவும் கூடாது. அளவுநாடாவை ஒவ்வோர் அடுக்கிலும் வைத்துக் குறித்தால் போதும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் செத்த புல் முழுதாக உக்காது, கறுப்பு அடுக்கு வளரும். இந்தச் சமவெளியின் சதுப்பு மண்ணில் 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மகரந்தப் பதிவு கிடைத்திருக்கிறது. பனியுகக் காலநிலை பற்றிய பாடத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

கருவிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தரவு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ விற்கும் திசைகாட்டியின் ஊசி அந்தப் பகுதிக்கு ஏற்றபடி தென்முனைப் பக்கம் பாரம் கூட்டிச் சமன்செய்யப்பட்டது. இலங்கை காந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தப் பாரம் இங்கே மிகையாகி, தென்முனை கீழே இறங்கி மூடியில் உரசும். ஊசி சுழல்வது போலவே தெரியும். உண்மையில் சில பாகை முன்னதாகவே சிக்கி நின்றுவிடும். மத்தியகோட்டுப் பகுதிக்குச் சமன்செய்ததையோ எல்லாப் பகுதிக்கும் பொருந்தும் ஊசி உள்ளதையோ கேட்டு வாங்குங்கள். பிரண்டன் வகைத் திசைகாட்டியில் ஊசியில் சுற்றிய சிறு கம்பியை நகர்த்தியே சரிசெய்யலாம். கைத்தொலைபேசிச் செயலி விரைவானது, ஆனால் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் அதன் திசை வாசிப்பை நம்பவே கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பட்டையமைவுக்கு ஐந்து வாசிப்பாவது எடுத்து, ஒன்று மட்டும் விலகினால் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

வரைபடம் அடுத்த சிக்கல். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் இலங்கைக்கான கந்தவல ஆதாரத்தில் (இட ஆள்கூறுகளைக் கணக்கிடும் அடிப்படையில்) அமைந்தது, கைத்தொலைபேசி தருவது உலகப் பொது ஆதாரமான WGS84இல். மாற்றாமல் நேரே குறித்தால் இடம் இருநூறு மீற்றர் வரை தள்ளிப்போகும். உலக முடிவில் நின்றவர் வரைபடத்தில் அந்தரத்தில் நிற்பார். புறப்படுவதற்கு முன்பே செயலியில் ஆதாரத்தை மாற்றி, பார்வையாளர் நிலையத்தில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் 1:100,000 வரைபடத்தை ஆசிரியர் மட்டும் வைத்திருப்பது நல்லது. மாணவர் கையில் அது இருந்தால் பாறையைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்த்து எழுதுவார்கள். குறிப்பேட்டில் எழுத ஜெல் பேனா வேண்டாம், ஈரத்தில் ஊறிவிடும், எச்.பி. அல்லது 2எச் பென்சில் கொடுங்கள். பத்து மடங்கு லென்ஸ் இருவருக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

தங்குமிடத்துக்கு வருவோம். முகாமிடத்தை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். நுழைவுச்சீட்டு வேறு கணக்கு. பள்ளியின் அல்லது பல்கலைக்கழகத்தின் கடிதம் கையில் இருக்கட்டும். ஆராய்ச்சிக்காக மாதிரி எடுப்பதென்றால் அதற்குத் தனி அனுமதி. சாதாரண மாணவர் பயணத்துக்கு அந்த வழியில் போகாதீர்கள், மாதிரிகளைக் கீழே எடுத்துக்கொள்ளலாம். நுழைவாயிலில் பொலித்தீன் சோதனை உண்டு. பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தல் லேபல் எல்லாம் கழற்றப்படும். இருபது பேரின் பைகளை அங்கே திறந்தால் காலை நேரம் போய்விடும். ஆகவே முதல்நாள் இரவே அரிசி பருப்பைத் துணிப்பையிலும் பிஸ்கட்டைத் தகரப்பெட்டியிலும் மாற்றிவிடுங்கள். இந்தக் கெடுபிடி தேவையானதே. உணவுக்காக மனிதரிடம் பழகிப்போன மரைகள் பார்வையாளர் நிலையத்தைச் சுற்றித் திரிகின்றன. கையில் கிடைக்கும் உறையையும் சேர்த்து விழுங்கிவிடும். இரவில் உணவு கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது, வான் வண்டிக்குள் பூட்டுங்கள். சிறுத்தையும் உலவும் பூங்கா என்பதால் இருட்டிய பின் தனியே நடப்பதற்கு இடமில்லை.

ரயிலில் வருபவர்கள் ஒஹியவில் இறங்கினால் அங்கிருந்து சுமார் 11 கிலோமீற்றர் ஏற்றம், வளைவுகள் நிறைந்த ஒடுங்கிய வீதி. சாமான்களோடு நடக்கும் தூரமல்ல. நிலையத்துக்கே வான் வண்டி வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

குளிரைக் குறைத்து மதிப்பிடுவதுதான் பள்ளிக் குழுக்களைப் பெரிதும் வருத்துகிறது. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை அளவு. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவான இரவுகளில் புல்லில் உறைபனி விழும். ஆனால் பாறை பார்க்க அதே ஜனவரி முதல் மார்ச் வரைதான் சிறந்த காலம், எனவே குளிருக்குத் தயாராகப் போவதே வழி. 0 முதல் 5 பாகை வரை தாங்கும் தூக்கப்பை தேவை. அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் தடித்த நுரைப்பாய். உடம்புச் சூட்டை நிலம்தான் அதிகம் உறிஞ்சும். தூக்கப்பையின் அடிப்பக்கம் பாரத்தில் நசுங்கிக் காற்றை இழந்துவிடுவதால் அது தனியே தடுக்காது. பாய் இல்லாமல் விலையுயர்ந்த தூக்கப்பையில் படுத்தவர் விடிய விடிய நடுங்குவார், பாயோடு சாதாரணப் பையில் படுத்தவர் தூங்கிவிடுவார்.

கூடாரம் இரட்டைச் சுவர் உள்ளதாக இருக்கட்டும். கடற்கரைக்கு விற்கும் ஒற்றைத் துணிக் கூடாரத்தில் மழை பெய்யாமலே உள்ளே நனையும். மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டுவதுதான் காரணம். மேல்துணிக்கும் உள்துணிக்கும் இடையே ஒரு கை அகலம் விட்டு, மேலே உள்ள காற்றுத் துளையைக் குளிருக்குப் பயந்து மூடாமல் வையுங்கள். அந்தக் கறுப்பு மண் இளகியது. கூடாரத்தோடு வரும் 15 சென்ரிமீற்றர் முளை பலத்த காற்றில் பிடுங்கிக்கொள்ளும். 25 சென்ரிமீற்றர் முளைகளைச் சாய்வாக அடியுங்கள். மண் ஆழமில்லாத இடத்தில் முளை பாறையில் முட்டினால், அடித்து வளைக்காமல் ஓரடி தள்ளி முயலுங்கள்.

சமையலுக்குத் திறந்த நெருப்பு கூடாது, வறண்ட மாதங்களில் புல் எளிதில் பற்றும். எரிவாயு அடுப்பில் சிறிய பியூட்டேன் கலன் வாங்கியவர்கள் விடியற்காலையில் ஏமாறுவார்கள். பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே கொதிப்பதால், 5 பாகைக் குளிரில் ஆவியாகும் அழுத்தம் குறைந்து சுவாலை சுருங்கும். இரவில் கலனைத் துணியில் சுற்றி வைப்பது உதவும், புரொப்பேன் கலந்தது வாங்கினால் இன்னும் நல்லது. எக்காரணம் கொண்டும் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமெடுக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிரஷர் குக்கரில் வைத்தால் எரிவாயு மிச்சம். இருபது பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 3 கிலோ, பருப்பு 1 கிலோ கணக்கிடுங்கள். குளிரில் பிள்ளைகள் கூடுதலாகவே சாப்பிடுவார்கள். பகலில் சமைக்காமல், காலையிலேயே சுட்ட தேங்காய் ரொட்டியும் கெடாத சீனிச்சம்பலும் கட்டிக்கொண்டு போவதே நடைமுறை. தேத்தண்ணிக்கு இஞ்சி நிறைய எடுத்துப் போங்கள்.

மூன்றாம் நாள் காலை ஒஹிய, பொரலந்த, ஹப்புத்தளை வழியாக இறங்கி, ஹல்துமுல்லை தாண்டி பெலிஹுல்ஓயா போய்ச் சேருங்கள். மேலிருந்து பார்த்த செங்குத்துச் சரிவு இப்போது தலைக்கு மேலே நிற்கும், அதே காட்சியை அடியிலிருந்து வரையச் சொல்லுங்கள். சுத்தியலை எடுக்கும் நேரமும் இதுதான். காணிக்காரரிடம் கேட்டுவிட்டு, உதிர்ந்து கிடக்கும் கற்களில் மட்டும் அடியுங்கள். சரிவை வெட்டி வீதி போட்ட இடங்களில் அடிவாரத்தைத் தட்டாதீர்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை தோட்டக் குடியிருப்பைப் புதைத்த மண்சரிவு நடந்தது இதே சரிவு வரிசையில்தான். அடிப்பவர் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், மற்றவர்கள் ஐந்து மீற்றர் விலகி நிற்க வேண்டும். மாதிரி உள்ளங்கை அளவு போதும், ஒருவருக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். உடைத்த உடனே எண்ணிட்டு, பையிலும் குறிப்பேட்டிலும் அதே எண்ணை எழுதாவிட்டால் வீடு போய்ச் சேரும்போது எல்லாம் வெறும் கல்லாகிவிடும்.

பிற்பகலுக்குச் சமனலவெவவை ஒதுக்குங்கள். 1992இல் நீர் நிரப்பத் தொடங்கியதும் வலக்கரை வழியாகக் கசிந்த நீர்த்தேக்கம் அது. கரையில் குகைகள் அரித்த சலவைக்கல் இருந்ததே காரணம். சலவைக்கல் கல்சியம் காபனேற்று, மழைநீரின் மெல்லிய அமிலத்தில் கரையும். பக்கத்திலேயே இருக்கும் சாணோக்கைட் கரையாது. பாறையின் பெயரைச் சரியாகச் சொல்வது எதற்குப் பயன் என்று கேட்கும் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இல்லை.

பெலிஹுல்ஓயாவில் இரவு மேலே இருந்ததைவிடப் பத்து பாகை அளவு சூடாக இருக்கும், நனைந்த கூடாரங்கள் அங்கே காய்ந்துவிடும். ஆற்றங்கரையில் கூடாரம் போடும் இடத்தை மட்டும் நன்கு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மணல் திட்டு வசதியாகத் தெரியும், ஆனால் அந்த ஆற்றின் நீர் வருவது நீங்கள் இறங்கிவந்த சமவெளியிலிருந்து. மேலே பெய்யும் மழை செங்குத்துப் பாறைச் சரிவில் ஊறாமல் நேரே ஓடிவரும். கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறும். செடிகளில் சிக்கியிருக்கும் குப்பைகூளம் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று பாருங்கள், அதற்கு மேலே போடுங்கள்.